பின்னங்களை வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி: 4 முதல் 6-ம் வகுப்பு வரை முழு வழிகாட்டி

நான்காம் வகுப்பு வரை கணக்கில் சுமாராகவாவது வந்துகொண்டிருந்த பிள்ளை ஐந்தாவதில் திடீரென்று தடுமாறினால், பெரும்பாலும் பின்னத்தில்தான் எங்கோ விட்டிருக்கும். அதுவரை எண் என்றால் எண்ணிப் பார்ப்பது, பெரிய இலக்கம் என்றால் பெரிய எண், பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். பின்னம் வந்ததும் இவை எல்லாமே ஆட்டம் கண்டுவிடுகின்றன.

வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் செய்கிற முக்கியத் தவறு வரிசையை மாற்றுவது. மறுநாள் பரீட்சை, அதனால் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு), குறுக்குப் பெருக்கல், தலைகீழாக்கிப் பெருக்கு என்று விதிகளை முதலில் கொடுத்துவிடுகிறோம். விதி ஒரு வாரம் நிற்கும், அப்புறம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். கீழே உள்ள வரிசையில் போனால் விதிகள் கடைசியில் வரும், ஆனால் வந்தால் நிற்கும். அவசரப்படாமல் போனால் ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். தினமும் இருபது நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயன் இல்லை.

இங்கே பின்னங்களை 3/4 என்று சாய்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். பிள்ளை நோட்டில் எழுதும்போது படுக்கைக் கோடு போட்டு மேலும் கீழுமாகத்தான் எழுத வேண்டும். மேலே உள்ளது தொகுதி, கீழே உள்ளது பகுதி.

1. தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

பத்து வரை வாய்ப்பாடு, மீதியோடு வகுத்தல், ஓர் எண்ணின் காரணிகளைச் சொல்வது. இவை மூன்றும் இல்லாமல் பின்னத்துக்குள் போகாதீர்கள். சோதிக்க ஒரு கேள்வி போதும்: "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 24 வரும்? எல்லா ஜோடியும் சொல்லு." 1×24, 2×12, 3×8, 4×6 என்று நான்கும் வந்தால் தொடங்கலாம். 3×8 மட்டும் சொல்லிவிட்டு முழித்தால் முதலில் இரண்டு வாரம் வாய்ப்பாட்டில் செலவழியுங்கள். காரணம் எளிது: சமான பின்னம் (1/2, 2/4 போல ஒரே அளவைக் காட்டும் பின்னம்) கண்டுபிடிக்கும் இடத்தில் பிள்ளையின் மூளை முழுக்க "எட்டு மூணு எவ்வளவு" என்பதிலேயே போய்விட்டால், எதற்காகப் பெருக்குகிறோம் என்பதை யோசிக்க அங்கே இடம் இருக்காது.

தசமம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீ.சி.ம தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் கொஞ்ச நாளைக்கு அதை மறக்கச் சொல்லுங்கள்.

2. காகிதப் பட்டைகள்

ஒரு சார்ட் பேப்பர், ஸ்கேல், கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா. 24 செ.மீ நீளம், 3 செ.மீ அகலத்தில் ஒன்பது பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பட்டை முழுசாக இருக்கட்டும். மற்ற எட்டிலும் முறையே 2, 3, 4, 5, 6, 8, 10, 12 சம பாகங்களுக்குக் கோடு போட வேண்டும்.

24 ஏன் என்றால், பாதி 12 செ.மீ, மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3, பன்னிரண்டில் ஒன்று 2 என்று எல்லாம் முழு எண்ணில் விழும். ஐந்தில் ஒன்று 4.8, பத்தில் ஒன்று 2.4. இந்த இரண்டு பட்டைக்கு மட்டும் நீங்கள் மில்லிமீட்டர் பார்த்துக் கோடு போட்டுக் கொடுங்கள். மற்றவற்றைப் பிள்ளையே அளந்து போடட்டும். கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, ஆனால் "24-ஐ எட்டாகப் பிரித்தால் மூணு, அப்போ மூணு மூணு செ.மீ" என்று அளக்கிற அந்த வேலையில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

வட்டம் வேண்டாம். தோசை, பீட்சா, கேக் எல்லாம் பாதிக்கும் காலுக்கும் சரி. ஒரு வட்டத்தை ஐந்து சம பாகமாக வெட்ட 72 பாகை அளக்கத் தெரிய வேண்டும், அது அந்த வயதில் கிடையாது. பிள்ளை கண்ணளவில் கோடு போடும், பாகங்கள் சமமாக இருக்காது, "ஐந்து துண்டு இருந்தால் ஐந்தில் ஒன்று" என்று தப்பாகப் பதிந்துவிடும். இந்தத் தவறு ஏற்கெனவே பதிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு செவ்வகத்தை வேண்டுமென்றே கோணலாக நான்கு துண்டாகப் பிரித்து, பெரிய துண்டைக் காட்டி "இது நான்கில் ஒன்றா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் இன்னும் இரண்டு நாள் இந்தப் படியிலேயே நில்லுங்கள்.

3. ஒன்றை மட்டும் எடுத்தல்

தொகுதி 1 ஆக உள்ள பின்னங்கள் மட்டும்: 1/2, 1/3, 1/8. வேறு எதையும் தொடாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "1/3 பெருசா, 1/8 பெருசா?" பெரும்பாலான பிள்ளைகள் 1/8 என்றுதான் சொல்லும், எட்டுதானே மூன்றைவிடப் பெரியது. உடனே "பகுதி பெரிசானா பின்னம் சின்னது" என்று விதி சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டுக்கொண்ட பிள்ளை நாளைக்கு 5/8-ம் 1/3-ஐவிடச் சின்னது என்று வந்து நிற்கும். பட்டைகளை அடுக்கி வைத்து அதுவே பார்க்கட்டும். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும் என்று அதன் வாயிலிருந்தே வரும்வரை வேறு வேறு ஜோடிகளைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

படிக்கிற விதத்தையும் இங்கேயே சரி செய்துவிட வேண்டும். "மூணு பை நாலு" என்று படித்தால் பிள்ளைக்கு அது இரண்டு தனித்தனி எண்ணாகத்தான் கேட்கும். "நான்கில் மூன்று" என்றே படிக்கப் பழக்குங்கள். இதில் ஒரு சிக்கல் வரும்: நீங்கள் "நான்கில் மூன்று" என்று சொல்லச் சொல்ல, காதில் விழுந்த வரிசையிலேயே 4-ஐ மேலே எழுதிவிடும். அதைத் தவிர்க்க, எழுதும் வரிசையை மாற்றுங்கள். முதலில் கோடு, அடுத்து கோட்டுக்குக் கீழே 4, கடைசியாக மேலே 3. எத்தனை பாகமாகப் பிரித்தோம் என்பது முதலில், எத்தனை எடுத்தோம் என்பது பிறகு. செய்கிற வரிசையும் அதுதானே.

4. ஒன்றைத் தாண்டி எண்ணுதல்

இப்போது நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு, நான்கில் மூன்று, நான்கில் நான்கு, நான்கில் ஐந்து, நான்கில் ஆறு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நான்கில் நான்கோடு நிறுத்தக் கூடாது. பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதனால் பின்னம் என்றால் ஒன்றுக்குக் கீழே உள்ளது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. பிறகு 5/4 போல தொகுதி பகுதியைவிடப் பெரிதாக உள்ள தகா பின்னம் வரும்போது "நாலுதான் இருக்கு, அதுல அஞ்சு எப்படி எடுக்க முடியும்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. பதில், இரண்டாவது பட்டை ஒன்றை ஒட்டி வைப்பது. முதல் பட்டையில் நான்கு, அடுத்ததில் ஒன்று.

இரண்டாவது பட்டையை வைத்ததும் இன்னொரு குழப்பம் வரும், எதிர்பார்த்திருங்கள். மொத்தம் எட்டுப் பாகம் கண்ணில் தெரிகிறது, அதில் ஐந்து, ஆகவே 5/8 என்று சொல்லும். "எது ஒண்ணு?" என்று கேளுங்கள். ஒரு பட்டைதான் ஒன்று. இந்த "எது ஒண்ணு?" என்ற கேள்வியைக் கடைசிப் படி வரை கேட்க வேண்டியிருக்கும்.

5. எண்கோடு

கட்டம் போட்ட நோட்டில் ஒரு நீளக் கோடு. 0 ஓரிடத்தில், அதிலிருந்து 12 கட்டம் தள்ளி 1, இன்னும் 12 கட்டம் தள்ளி 2. இதில் 1/2, 1/3, 3/4, 5/4, 5/3 இவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், பட்டையிலேயே புரிந்துவிட்டதே என்று. பட்டையில் பின்னம் என்பது ஒரு துண்டு. கோட்டில்தான் அது ஓர் எண், மற்ற எண்களுக்கு நடுவில் தனக்கென்று இடம் உள்ள எண். இது பதியாவிட்டால் 3/4 என்பதை 3-க்கும் 4-க்கும் நடுவில் குறிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலும் இருப்பார்கள்.

இங்கே வரும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுவது. 0-லிருந்து 1 வரை நான்காகப் பிரித்தால் 0-வும் 1-ம் சேர்த்து ஐந்து குறிகள் இருக்கும். பிள்ளை 0-வையே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கி, 2/4 இருக்கும் இடத்தில் 3/4 எழுதிவிடும். விரலை 0-வில் வைத்து, தாவும்போது மட்டும் எண்ணச் சொன்னால் சரியாகிவிடும்.

6. சமான பின்னங்கள்

மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல், சுருக்குதல், தசமம் எல்லாமே இதன் மேல் நிற்பவை. இரண்டு வாரம் இங்கே செலவானால் கவலைப்படாதீர்கள்.

முதல் மூன்று நாள் எந்தக் கணக்கும் இல்லை. பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து, எந்தெந்தக் கோடுகள் ஒரே நேரில் விழுகின்றன என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். 12 செ.மீ-ல் வைத்தால் 1/2, 2/4, 3/6, 4/8, 5/10, 6/12. 8 செ.மீ-ல் 1/3, 2/6, 4/12. 18 செ.மீ-ல் 3/4, 6/8, 9/12. பட்டியல் நீளும்போது பிள்ளையே "எல்லாம் ரெண்டாம் வாய்ப்பாடு மாதிரி போகுது" என்று ஏதாவது சொல்லும். அதற்காகக் காத்திருங்கள், முந்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்து காரணம். மூன்றாகப் பிரித்த பட்டையில் இரண்டு பாகத்துக்கு வண்ணம் அடியுங்கள். அது 2/3. இப்போது ஒவ்வொரு பாகத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். மொத்தப் பாகம் 3 இருந்தது 6 ஆனது, வண்ணம் அடித்த பாகம் 2 இருந்தது 4 ஆனது. வண்ணம் ஒரு துளிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குவது இதற்குத்தான். இதைப் பார்த்த பிறகு விதியைச் சொன்னால், அது பிள்ளை கண்ட ஒன்றுக்குப் பெயர் வைப்பதாகத்தான் இருக்கும்.

அடிக்கடி வரும் தவறு, பெருக்குவதற்குப் பதிலாகக் கூட்டுவது. 2/3-ல் மேலும் கீழும் 1 கூட்டி 3/4, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே செஞ்சேன்" என்று சொல்லும். விவாதம் வேண்டாம். 2/3 என்றால் 16 செ.மீ, 3/4 என்றால் 18 செ.மீ, பட்டையை எடுத்து வைத்தால் முடிந்தது.

சுருக்குவது இதன் தலைகீழ்: ஒரே காரணியால் மேலும் கீழும் வகுப்பது. 18/24-ஐ ஒரே தடவையில் 6-ஆல் வகுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 2-ஆல் வகுத்து 9/12, பிறகு 3-ஆல் வகுத்து 3/4 என்று படிப்படியாக வரட்டும். மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் தப்பு எதுவும் நடக்காது, வேகம்தான் போகும்.

சில பிள்ளைகள் "அடித்தல்" என்றால் ஒரே மாதிரி இலக்கத்தை அடிப்பது என்று புரிந்துகொள்வதும் உண்டு. 16/64-ல் மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் அடித்தால் 1/4 வருகிறது, வேடிக்கை என்னவென்றால் விடையும் சரி! அப்படி ஒரு பிள்ளை மாட்டினால் 13/39 கொடுங்கள். 3-ஐ அடித்தால் 1/9 வரும், உண்மையில் அது 1/3.

7. ஒப்பிடுதல், ஆனால் குறுக்குப் பெருக்கல் இல்லாமல்

குறுக்குப் பெருக்கல், அதாவது ஒன்றின் தொகுதியை மற்றதன் பகுதியால் பெருக்கி ஒப்பிடுவது, சரியான விடை தரும், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து பிள்ளை பின்னத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடும், நான்கு எண்களைத்தான் பார்க்கும். பிறகு கூட்டலிலும் குறுக்கே பெருக்கும், பெருக்கலிலும் குறுக்கே பெருக்கும். ஆகவே இன்னும் ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக யோசித்து ஒப்பிடும் வழிகள். பகுதி ஒன்றாக இருந்தால் எத்தனை எடுத்தோம் என்று பார்த்தால் போதும். தொகுதி ஒன்றாக இருந்தால், 3/5-ம் 3/8-ம் போல, துண்டு எது பெரிது என்று பார்க்கலாம். இரண்டும் வேறாக இருந்தால் பாதியோடு ஒப்பிடுங்கள்: 3/8 பாதிக்குக் கீழே, 4/7 பாதிக்கு மேலே, வேலை முடிந்தது. பாதியோடு ஒப்பிடுகிற இந்தப் பழக்கம் கூட்டலில் தவறைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும் என்பதால் இதை மட்டும் நிறையப் பயிற்சி கொடுங்கள்.

5/6, 7/8 இந்த ஜோடியைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். "ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது, அதனால சமம்" என்பார்கள் புத்திசாலிப் பிள்ளைகளே. குறைகிற அந்த "ஒன்று" ஓரிடத்தில் ஆறில் ஒன்று, இன்னோர் இடத்தில் எட்டில் ஒன்று. பட்டையில் 20 செ.மீ-ம் 21 செ.மீ-ம்.

எந்த யோசனையும் பிடிபடாத ஜோடிக்கு, இரண்டையும் ஒரே பகுதி உள்ள சமான பின்னமாக்கி ஒப்பிடட்டும். அதுதான் அடுத்த படிக்கு வாசல்.

8. கூட்டல், கழித்தல்

தொடங்கும் முன் ஒரு பழக்கம்: விடை எழுதுவதற்கு முன்னால் "பாதியைவிடப் பெருசா வருமா? ஒண்ணைவிடப் பெருசா வருமா?" என்று சொல்லிவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும்.

அமெரிக்காவில் 1978-ல் நாடு தழுவி நடந்த கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்தார்கள். இரண்டுமே ஏறக்குறைய 1 என்பதால் விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், அதாவது தொகுதிகளையோ பகுதிகளையோ கூட்டி வந்த எண்ணை. நம் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஓரின பின்னங்கள், அதாவது பகுதி ஒன்றாக உள்ளவை. 2/8 + 3/8. இதில் 5/16 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. எட்டில் இரண்டோடு எட்டில் மூன்று, ஆகவே எட்டில் ஐந்து என்று வாயால் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 3-ம் படியில் படிக்கும் விதத்தைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

பகுதி வேறாக உள்ள வேற்றின பின்னங்களை மூன்று கட்டமாகக் கொடுங்கள். முதலில் ஒரு பகுதி இன்னொன்றின் மடங்காக இருப்பவை, 1/2 + 1/4, 2/3 + 1/6 போல. இதில் ஒன்றை மாற்றினால் போதும். பிறகு பொதுக் காரணி இல்லாதவை, 1/2 + 1/3, 2/3 + 1/4. இதில் பகுதிகளைப் பெருக்கினாலே பொதுப் பகுதி கிடைக்கும். கடைசியாகத்தான் 3/4 + 1/6 போன்றவை. பெருக்கினால் 24 வரும், ஆனால் 12-ம் போதும் என்று காட்ட மீ.சி.ம இங்கே வருகிறது. 24 வைத்துச் செய்து 22/24 என்று எழுதி, சுருக்கி 11/12 கொண்டுவந்தாலும் அது சரியான விடைதான். தப்புப் போடாதீர்கள்.

மீ.சி.ம கற்றுக்கொண்ட வாரத்தில் ஒரு புதுத் தவறு முளைக்கும். நோட்டில் இப்படி இருக்கும்:

3/4 + 1/6 = 3/12 + 1/12 = 4/12 = 1/3

ஒவ்வொரு வரியும் நேர்த்தியாக, கையெழுத்து அழகாக, சுருக்கியும் இருக்கும். பகுதியை 12 ஆக்கிய பிள்ளை தொகுதியைத் தொடவே இல்லை. இதைச் சிவப்பு மையில் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முக்கால்ல இன்னும் கொஞ்சம் சேத்தோம். அது எப்படி பாதிக்கும் கீழே போச்சு?" தானே திரும்பிப் போய் 9/12 + 2/12 என்று திருத்திய பிள்ளை அந்தத் தவறை அடிக்கடி செய்யாது. நீங்கள் திருத்திக் கொடுத்தால் அடுத்த வாரமும் செய்யும்.

9. கலப்பு பின்னம்

4-ம் படியில் ஒன்றைத் தாண்டி எண்ணியிருந்தால் மாற்றுவது சிரமமே இல்லை. 2 3/5 என்றால் இரண்டு முழுசு, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஐந்து, ஆக பத்து, கூட மூன்று, 13/5. "பெருக்கிக் கூட்டு" என்ற விதியின் உள்ளே நடப்பது இதுதான்.

கழித்தலில்தான் கவனம் வேண்டும். 4 1/3 − 1 2/3. இதில் இரண்டு விதமான தவறு வரும். ஒன்று, 1/3-லிருந்து 2/3 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 2/3-லிருந்து 1/3 கழித்து, 3 1/3 என்று எழுதுவது. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது: கடன் வாங்கத் தெரியும், ஆனால் பழைய கழித்தல் பழக்கத்தில் பத்தைக் கடன் வாங்கும். 4 1/3 என்பதை 3 11/3 என்று எழுதியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இங்கே ஒரு முழுசைக் கடன் வாங்கினால் கிடைப்பது மூன்றில் மூன்று, ஆகவே 3 4/3. அதிலிருந்து 1 2/3 போனால் 2 2/3.

எல்லாவற்றையும் தகா பின்னமாக மாற்றிக் கழிக்கும் வழியும் உண்டு, 13/3 − 5/3 = 8/3. குழப்பம் தீராத பிள்ளைக்கு அதுவே போதும். எண்கள் பெரிதாகும்போதுதான் அந்த வழி சுமையாகும்.

10. பெருக்கல்

செய்வதற்குக் கூட்டலைவிடச் சுலபம், புரிந்துகொள்ளத்தான் கடினம். ஒரு நாளில் விதியைச் சொல்லி முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் கூட்டலிலும் மேலோடு மேல், கீழோடு கீழ் என்று பிள்ளை திரும்பிவிடும்.

முதலில் முழு எண்ணும் பின்னமும். 4 × 2/5 என்றால் 2/5-ஐ நான்கு தடவை கூட்டுவது, 8/5. மேலும் கீழும் 4-ஆல் பெருக்கி 8/20 என்று எழுதினால், அது சமான பின்னம் செய்த பழக்கம். "8/20-ஐச் சுருக்கு" என்று சொல்லுங்கள். 2/5 திரும்ப வந்து நிற்கும், அப்போது பெருக்கலே நடக்கவில்லை என்று தெரியும்.

பிறகு பின்னத்தில் பின்னம். கட்டம் போட்ட நோட்டில் கீழ்நோக்கி 3 கட்டம், பக்கவாட்டில் 5 கட்டம் உள்ள செவ்வகம் வரையுங்கள். அதுதான் ஒன்று. பக்கவாட்டில் 4/5 பாகத்துக்கு லேசாகக் கோடு அடிக்க வேண்டும், அந்தப் பாகத்தில் மட்டும் 2/3-க்கு எதிர்த் திசையில் கோடு அடிக்க வேண்டும். இரண்டு கோடும் விழுந்த கட்டங்கள் 8, மொத்தம் 15. ஆகவே 2/3 × 4/5 = 8/15. பகுதிகளை ஏன் பெருக்குகிறோம், தொகுதிகளை ஏன் பெருக்குகிறோம் என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது. இது மாதிரி பத்துப் படமாவது வரைந்த பிறகு விதிக்குப் போங்கள்.

விடை சிறியதாகிறதே என்று பிள்ளை சந்தேகப்பட்டால் நல்ல அறிகுறி. கிலோ 40 ரூபாய் தக்காளியில் முக்கால் கிலோ வாங்கினால் 30 ரூபாய்தானே ஆகும் என்று கேளுங்கள். 40 × 3/4.

11. வகுத்தல்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை அவசரப்படுத்த வேண்டியதில்லை. எடுத்தால் "எத்தனை இருக்கிறது?" என்ற கேள்வியோடு எடுங்கள். 3 ÷ 1/4 என்றால் மூன்றுக்குள் எத்தனை கால் இருக்கிறது? பன்னிரண்டு. 3/4 ÷ 1/8 என்றால் 18 செ.மீ பட்டையில் எத்தனை 3 செ.மீ துண்டு? ஆறு.

அடுத்து பகுதி ஒன்றாக உள்ளவை: 4/5 ÷ 2/5 = 2. பகுதி வேறாக இருந்தால் ஒன்றாக்கு: 2/3 ÷ 1/4 என்பது 8/12 ÷ 3/12, அதாவது 8 ÷ 3, 8/3. இப்படி நாலைந்து கணக்கு செய்த பிறகு, 2/3 × 4/1 போட்டாலும் அதே 8/3 வருகிறது என்று காட்டுங்கள். தலைகீழாக்கும் விதி அப்போதுதான் வர வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் எதைத் தலைகீழாக்குவது என்று தெரியாமல் முதல் பின்னத்தைத் திருப்பிப் போடும்.

2 ÷ 3/4-ல் ஒரு சிக்கல். பட்டையை வைத்து அளந்த பிள்ளை "முக்கால் ரெண்டு தடவை போகுது, மீதி அரை" என்று சொல்லும், விதிப்படி விடை 2 2/3. இரண்டும் சரிதான். மீதி இருக்கும் அரை, முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு. மறுபடியும் "எது ஒண்ணு?" என்பதே கேள்வி, இங்கே ஒன்று என்பது முக்கால்.

12. தசமத்துக்குப் போகும் வழி

பத்தில் ஒன்று என்பதை 0.1 என்றும் எழுதலாம், நூறில் ஒன்று 0.01. பத்துப் பாகப் பட்டை கையில் இருக்கிறது, 1/2 = 5/10 = 0.5 என்று அதிலேயே காட்டிவிடலாம். 0.35-ஐ 0.4-ஐவிடப் பெரியது என்று சொன்னால் 35/100, 40/100 என்று எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். ரூபாய் பைசாவை வைத்து மட்டும் தசமம் சொல்லிக்கொடுத்தால் 12.5-ஐ "பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா" என்று படிப்பார்கள், அதனால் மீட்டரையும் கிலோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. வார்த்தைக் கணக்கு

"60 ரூபாய் இருந்தது. கால் பங்குக்கு நோட்டு வாங்கினேன். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பேனா வாங்கினேன். எவ்வளவு மிச்சம்?"

பிள்ளை 1/4 + 1/3 = 7/12 என்று அழகாகக் கூட்டி, 60-ல் 7/12 என்றால் 35, மிச்சம் 25 என்று கொண்டுவரும். கூட்டல் சரி, பெருக்கல் சரி, "மீதியில்" என்ற சொல்லைத்தான் படிக்கவில்லை. பட்டை வரையச் சொல்லுங்கள்: நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 15 ரூபாய். ஒன்று நோட்டுக்குப் போனது. மிச்சம் மூன்று கட்டம், அதில் ஒன்று பேனாவுக்கு. இரண்டு கட்டம் மிச்சம், 30 ரூபாய். படம் வரைந்தால் இங்கே பின்னக் கணக்கே போட வேண்டியதில்லை.

14. பதிந்திருக்கிறதா என்று பார்க்க

எல்லாம் முடிந்து ஒரு வாரம் விட்டு, பட்டைகளை ஒளித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். 1/7, 1/9 இவற்றில் எது பெரிது, ஏன்? இதில் தடுமாறினால் 3-ம் படி. 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் ஒரு பின்னம் சொல்லு. 5/12 மாதிரி ஏதாவது வர வேண்டும், "நடுவுல எதுவும் இல்ல" என்றால் 5-ம் படிக்கும் 6-ம் படிக்கும் திரும்ப வேண்டும். 7/8 + 11/12 என்பது 1, 2, 18, 20 இவற்றில் எதற்குப் பக்கம்? 18 என்றால் 8-ம் படி. 5 1/4 − 2 3/4 எவ்வளவு? 2 1/2 வராவிட்டால் 9-ம் படி. கடைசியாக, 6 ÷ 1/3-க்கு ஒரு கதை சொல்லு. ஆறு சப்பாத்தியை மூன்று பேருக்குப் பிரித்தேன் என்று சொன்னால் அது 6 ÷ 3, அதனால் 11-ம் படியின் முதல் பத்தியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். விடை சரியாக வந்து காரணம் சொல்லத் தெரியாவிட்டால் அதையும் தவறிய கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.